சென்னை – யாழ்ப்பாணம்: வான்வழித் தூரமும் பறப்பு நேரமும்

சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 355 கிலோமீட்டர். இன்று இவ்வழியில் செல்லும் உந்துசுழலி விமானம் ஒன்று இத்தூரத்தை ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் கடக்கிறது. 1947ஆம் ஆண்டில் இதே வழியில் பறந்த டகோட்டா விமானமும் இதைவிட மிகக் கூடுதலான நேரம் எடுத்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் இவ்விரு காலங்களுக்கும் இடையில், சென்னைக்குச் செல்ல விரும்பிய யாழ்ப்பாணத்தவர் ஒருவருக்கு ஒரு முழு நாளும், சில ஆண்டுகளில் பல நாட்களும் தேவைப்பட்டன. இரு நகரங்களுக்கும் இடையிலான தூரம் ஒருபோதும் மாறவில்லை. பயண நேரம் மட்டும் பலமுறை மாறியது. அம்மாற்றத்துக்கு விமானத் தொழில்நுட்பத்தைவிட அரசியலும் போருமே பெரிய காரணங்களாக இருந்தன. இக்கட்டுரை இவ்வழியின் தூரம், பறப்பு நேரம், அவற்றின் வரலாறு ஆகியவற்றை விளக்குகிறது.

தூரத்தின் கணக்கு

சென்னை விமான நிலையம் மீனம்பாக்கத்தில், வடக்கு அகலாங்கு 12 பாகை 59 கலையை ஒட்டி அமைந்துள்ளது. யாழ்ப்பாணத்தின் விமான நிலையம் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், பலாலியில் உள்ளது. அதன் அகலாங்கு 9 பாகை 47 கலை. இரு நிலையங்களின் நெட்டாங்குகளும் 80 பாகை கிழக்கை ஒட்டியே அமைகின்றன. எனவே இது ஏறக்குறைய நேர் வடக்கு–தெற்கு வழியாகும்.

இதனால் மாணவர்களும் இத்தூரத்தை எளிதில் கணக்கிட்டுப் பார்க்கலாம். புவிப்பரப்பில் ஒரு பாகை அகலாங்கு 60 கடல் மைல்களுக்குச் சமம். இரு நிலையங்களுக்கும் இடையிலான அகலாங்கு வேறுபாடு 3 பாகை 12 கலை. அதாவது 192 கடல் மைல்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்பதால் விடை ஏறத்தாழ 355 கிலோமீட்டர் என வருகிறது. இது சுமார் 220 மைல்.

இந்த எண்ணின் பொருளை வேறு சில தூரங்களோடு ஒப்பிடும்போதுதான் நன்கு உணர முடியும். சென்னையிலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 415 கிலோமீட்டர். கோயம்புத்தூருக்கு 400 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஆக, நேர்கோட்டில் மதுரையையும் கோவையையும்விட யாழ்ப்பாணமே சென்னைக்கு அருகில் உள்ளது. மறுபுறத்தில், பலாலியிலிருந்து கொழும்பை அடுத்த இரத்மலானை விமான நிலையத்துக்குள்ள தூரம் ஏறத்தாழ 330 கிலோமீட்டர். அதாவது யாழ்ப்பாணம் தன் நாட்டின் பெருநகரான கொழும்புக்கும், கடலுக்கு அப்பாலுள்ள சென்னைக்கும் ஏறக்குறைய நடுவில் அமைந்திருக்கிறது.

தென்னிந்தியக் கரைக்கு யாழ்ப்பாணம் இன்னும் நெருக்கமானது. கோடிக்கரைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலுள்ள கடல் 60 கிலோமீட்டருக்கும் குறைவு. திருச்சிராப்பள்ளி விமான நிலையத்திலிருந்து பலாலிக்கு ஏறத்தாழ 185 கிலோமீட்டர் மட்டுமே.

பறப்பு நேரம் எவ்வாறு அமைகிறது

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்பது பள்ளிக் கணக்கு. விமானப் பயணத்தில் அது முழுமையான விடையைத் தருவதில்லை. தற்போது இவ்வழியில் பயன்படும் ஏ.டி.ஆர். 72 வகை விமானம் உயரப் பறப்பில் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் செல்லக்கூடியது. அவ்வேகத்தில் 355 கிலோமீட்டரைக் கடக்க 43 நிமிடங்கள் போதும். ஆனால் கால அட்டவணையில் ஏறத்தாழ 75 நிமிடங்கள் குறிக்கப்படுகின்றன.

இந்த வேறுபாட்டுக்குப் பல காரணங்கள் உள்ளன. அட்டவணை நேரம் என்பது விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரத் தொடங்கியதிலிருந்து மறுமுனையில் நிற்கும் வரையுள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், புறப்பாட்டு அனுமதிக்காகக் காத்திருத்தல், மெதுவான வேகத்தில் மேலேறுதல், இறங்குமுன் வேகத்தைக் குறைத்து ஓடுபாதைக்கு நேராக வளைந்து வருதல் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். குறுகிய வழிகளில் இந்தத் தொடக்க, இறுதிக் கட்டங்களே நேரத்தின் பெரும் பகுதியை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் தாரை விமானம் இவ்வழியில் பறந்தாலும் மிச்சமாகும் நேரம் கால் மணிக்கு மேல் போகாது.

காற்றின் பங்கும் இங்கே குறைவு. நீண்ட கிழக்கு–மேற்கு வழிகளில் எதிர்க்காற்றும் பின்காற்றும் போகும் நேரத்துக்கும் வரும் நேரத்துக்கும் இடையே பெரும் வேறுபாட்டை ஏற்படுத்தும். சென்னை–யாழ்ப்பாணம் வழி வடக்கு–தெற்காக அமைந்திருப்பதாலும் குறுகியது என்பதாலும் போக்குக்கும் வரவுக்கும் ஏறத்தாழ ஒரே நேரமே ஆகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக் கடலில் தோன்றும் புயல்களும் தாழ்வு மண்டலங்களுமே சேவையைத் தாமதப்படுத்துகின்றன அல்லது நிறுத்துகின்றன.

இரு நகரங்களின் கடிகாரங்களும் இன்று ஒரே நேரத்தைக் காட்டுகின்றன. கிரீன்விச் நேரத்தைவிட இரண்டும் ஐந்தரை மணி முன்னால் உள்ளன. ஆனால் 1996 முதல் 2006 வரை நிலைமை வேறாக இருந்தது. மின்சாரத்தைச் சேமிக்கும் நோக்கில் இலங்கை அரசு 1996 மே மாதத்தில் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. அதே ஆண்டின் இறுதியில் அது அரை மணியாகக் குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரலில் பழைய நேரம் மீண்டும் கொண்டுவரப்பட்டது. அந்தப் பத்து ஆண்டுகளில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் புதிய நேரத்தை ஏற்காமல் பழைய நேரத்தையே பின்பற்றின.

விமானத்துக்கு முந்தைய வழிகள்

விமானம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே யாழ்ப்பாணத்துக்கும் தமிழகத்துக்கும் இடையே இடையறாத போக்குவரத்து இருந்தது. வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை ஆகிய துறைகளிலிருந்து பாய்மரத் தோணிகள் நாகப்பட்டினத்துக்கும் பிற துறைமுகங்களுக்கும் சென்றுவந்தன. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை சென்றடைந்தது என்பது இக்கரையினரின் கடலோட்டத் திறனைக் காட்டும்.

பயணத்தின் நோக்கங்களும் பலவாக இருந்தன. ஆறுமுக நாவலர் 1849இல் அச்சியந்திரம் வாங்குவதற்காகச் சென்னை சென்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியான சி. வை. தாமோதரம்பிள்ளை யாழ்ப்பாணத்தின் சிறுப்பிட்டியைச் சேர்ந்தவர். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த அவரது பணி பெரிதும் தமிழகத்திலேயே நடந்தது. சிதம்பரம் உள்ளிட்ட தலங்களுக்குச் செல்லும் அடியார்கள், வணிகர், மாணவர் எனப் பலரும் இக்கடலைக் கடந்தனர். பாய்மரப் பயணத்தின் நேரத்தைக் காற்றே முடிவு செய்தது.

1914ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் புதிய வழி ஒன்று உருவானது. சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீராவிக் கப்பல், பின்னர் மீண்டும் இலங்கை ரயில் என்று அமைந்த இப்பயணம் ‘போட் மெயில்’ என்ற பெயரால் அறியப்பட்டது. ஒரே பயணச்சீட்டில் இரு நாடுகளை இணைத்த இவ்வழி முதன்மையாகக் கொழும்பை நோக்கியது. யாழ்ப்பாணம் செல்பவர்கள் தலைமன்னாரிலிருந்து தென்கிழக்கே மதவாச்சி சந்தி வரை போய், அங்கு வடக்கு ரயில் பாதைக்கு மாற வேண்டும். அகலாங்குப்படி பார்த்தால், அவர்கள் யாழ்ப்பாணத்தைத் தாண்டித் தெற்கே போய், மீண்டும் வடக்கு நோக்கித் திரும்பிவந்தனர். 355 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஊருக்கு 900 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டியிருந்தது. அதற்கு ஓர் இரவும் அதைத் தொடர்ந்த ஒரு பகலும் போதாது.

முதல் விமானங்கள்

இலங்கையின் முதல் பொது விமான நிலையமான இரத்மலானையில் முதன்முதலாகத் தரையிறங்கிய விமானம் சென்னையிலிருந்தே வந்தது. 1935 நவம்பர் 27 அன்று சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டிண்டேல் பிஸ்கோ சிறிய விமானம் ஒன்றை ஓட்டிவந்து அங்கு இறக்கினார். டாட்டா நிறுவனம் 1932இல் தொடங்கிய கராச்சி–சென்னை அஞ்சல் விமான சேவை 1938இல் கொழும்புவரை நீட்டிக்கப்பட்டது. ஆனால் யாழ்ப்பாணத்தில் அப்போது விமானம் இறங்குவதற்கு இடம் இருக்கவில்லை.

அந்த இடத்தை இரண்டாம் உலகப் போர் உருவாக்கியது. பிரித்தானிய வேந்திய வான்படை போர்த் தேவைக்காகப் பலாலியில் ஓடுபாதை அமைத்தது. போர் முடிந்ததும் அது பொதுப் போக்குவரத்துக்குப் பயன்படத் தொடங்கியது.

1947ஆம் ஆண்டு டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டது. ‘சீதாதேவி’ எனப் பெயரிடப்பட்ட அந்த டகோட்டா விமானம் காங்கேசன்துறை, அதாவது பலாலி, வழியாகச் சென்னையைச் சென்றடைந்தது. நிறுவனத்தின் மற்ற இரு டகோட்டாக்களும் ‘விகாரமகாதேவி’, ‘சுனேத்ராதேவி’ என்ற பெயர்களைப் பெற்றிருந்தன. இலங்கை விடுதலை பெறுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு நடந்த இப்பயணம் ஒரு செய்தியைச் சொல்கிறது. இலங்கையின் தேசிய விமான சேவை பறந்த முதல் வழியே கொழும்பு–யாழ்ப்பாணம்–சென்னை வழிதான். அது தற்செயலன்று. கொழும்பிலிருந்து சென்னைக்கு வரைபடத்தில் நேர்கோடு வரைந்தால் அக்கோடு யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேலாகவே செல்லும். யாழ்ப்பாணத்தில் நின்று செல்வதால் வழி நீள்வதில்லை.

டகோட்டாவின் உயரப் பறப்பு வேகம் மணிக்கு 270 முதல் 300 கிலோமீட்டர் வரை இருந்தது. அக்கணக்கில் பலாலியிலிருந்து சென்னைக்குப் பறக்க ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி வரை போதும். போட் மெயில் பயணத்தோடு ஒப்பிட்டால், ஒரு நாளுக்கு மேற்பட்ட பயணம் ஒரு முற்பகலுக்குள் சுருங்கியது.

ஏர் சிலோன் காலம்

1950கள் முதல் 1970கள் வரை பலாலி சிறிய அளவிலான பன்னாட்டு நிலையமாக இயங்கியது. கொழும்புக்கும் தமிழகத்துக்கும் இங்கிருந்து விமானங்கள் சென்றன. டகோட்டாக்களோடு, 1960களின் நடுப்பகுதியிலிருந்து அவ்ரோ 748 வகை விமானமும் பயன்பாட்டுக்கு வந்தது. விமானக் கட்டணம் எல்லோருக்கும் எட்டக்கூடியதாக இருக்கவில்லை. வசதியுடையோர் விமானத்தில் சென்றனர். மற்றவர்கள் கப்பலையும் ரயிலையும் நம்பியிருந்தனர்.

பயண நேரம் குறைந்த அதே காலத்தில் பயணத்துக்கு முந்தைய நேரம் கூடத் தொடங்கியது. இலங்கையின் 1948ஆம் ஆண்டு குடிவரவு, குடியகல்வுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், அதுவரை தாராளமாக நடந்துவந்த போக்குவரத்துக்குக் கடவுச்சீட்டும் விசாவும் தேவையாயின. பின்னர் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகளும் சேர்ந்துகொண்டன. 1970களில் தமிழக வார இதழ்களின் இறக்குமதி கூடக் கட்டுப்படுத்தப்பட்டது. விமானம் ஒன்றேகால் மணியில் சென்றாலும், அதில் ஏறுவதற்கான ஆவணங்களைப் பெறப் பல வாரங்கள் ஆகும் நிலை உருவானது.

கடல்வழிக்கு ஏற்பட்ட பேரிடி 1964 டிசம்பர் 22, 23 ஆகிய நாட்களின் இடையிரவில் வந்தது. அன்று வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி சென்ற பயணிகள் ரயில் கடலால் அடித்துச் செல்லப்பட்டு, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு இயக்கப்பட்டது. உள்நாட்டுப் போர் தொடங்கிய 1980களின் முற்பகுதியில் அச்சேவையும் நின்றுபோனது.

வழி மூடப்பட்ட ஆண்டுகள்

1978 செப்டம்பர் 7 அன்று, இலங்கையின் புதிய குடியரசு அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாளில், இரத்மலானையில் நின்றிருந்த ஏர் சிலோனின் அவ்ரோ விமானம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்த விமானம் அது. உயிரிழப்பு ஏற்படவில்லை. நிதிச் சிக்கல்களில் இருந்த ஏர் சிலோன் அக்காலத்திலேயே மூடப்பட, 1979இல் ஏர் லங்கா தொடங்கப்பட்டது. புதிய நிறுவனத்தின் வழிகள் கட்டுநாயக்காவை மையமாகக் கொண்டிருந்தன. சென்னை–யாழ்ப்பாணம் நேரடி விமான சேவை நின்றது. அது மீண்டும் தொடங்க 41 ஆண்டுகள் ஆயின.

1983க்குப் பின் போர் தீவிரமடைந்தது. 1984 ஆகஸ்ட் 2 அன்று சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வெடித்த குண்டு 30 அளவிலான உயிர்களைப் பறித்தது. கொழும்பு செல்லும் விமானத்தில் ஏற்றுவதற்காக வைக்கப்பட்ட பொதியில் அது இருந்தது. இவ்வாறு போர் இவ்வழியின் இரு முனைகளையும் தொட்டது.

பயணிகள் விமானம் பறக்காத இவ்வான்வெளியில் படை விமானங்கள் பறந்தன. 1987 ஜூன் 3 அன்று இராமேசுவரத்திலிருந்து நிவாரணப் பொருள்களோடு சென்ற இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் பெங்களூரிலிருந்து புறப்பட்ட ஐந்து இந்திய வான்படை அந்தோனோவ் விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலோடு யாழ்ப்பாணத்தின் மேல் ஏறத்தாழ 25 டன் உணவையும் மருந்தையும் போட்டன. ‘பூமாலை நடவடிக்கை’ என்று அது அழைக்கப்பட்டது. அடுத்த மாதம் கையெழுத்தான இந்திய–இலங்கை உடன்பாட்டின்படி இந்திய அமைதிப் படை பலாலியில் வந்திறங்கியது. 1990 மார்ச்சில் அது வெளியேறும் வரை இந்தியாவுக்கும் பலாலிக்கும் இடையே படையினரும் படைக்கலங்களும் விமானத்தில் சென்றுவந்தன. ஊர் மக்களுக்கு அந்த வழி திறக்கவில்லை.

அவர்கள் சென்ற வழி வேறு. 1983 முதல் ஏராளமான ஏதிலிகள் மன்னார்க் கரையிலிருந்தும் குடாநாட்டிலிருந்தும் சிறு படகுகளில் இரவில் கடல் கடந்து இராமேசுவரம் பகுதியை அடைந்தனர். விமானத்தில் ஒன்றேகால் மணியில் கடந்த கடலைப் பலர் உயிரைப் பணயம் வைத்துக் கடந்தனர். கடலில் மாண்டவர்களும் உண்டு.

சுற்றுவழியின் கணக்கு

சட்டப்படியான பயணத்துக்கு இருந்த ஒரே வழி கொழும்புதான். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ரயில் பாதையில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு வான்வழியில் ஏறத்தாழ 645 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 1,000 கிலோமீட்டரைத் தாண்டும். இது நேர்வழியைப் போல மூன்று மடங்கு. முதலில் 400 கிலோமீட்டர் தெற்கே போய், பின்னர் விமானத்தில் அதே தூரத்தை வடக்கே திரும்பி வர வேண்டும். அந்த விமானத்தின் நேர்வழி, பயணி முதல் நாள் புறப்பட்ட ஊரின் மேலாகவே செல்கிறது.

அமைதியான காலத்தில் இதற்கு ஓர் இரவு ரயில் பயணமும் மறுநாளின் பாதியும் போதுமாக இருந்தன. போர்க்காலத்தில் அதுவும் கிட்டவில்லை. 1990 ஜூன் மாதத்துக்குப் பின் யாழ்தேவி ரயில் குடாநாட்டுக்கு வரவில்லை. ஏ–9 நெடுஞ்சாலை மூடப்பட்டது. மக்கள் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்து, பல சோதனைச் சாவடிகளைத் தாண்டி, நாட்கணக்கில் பயணம் செய்து கொழும்பை அடைந்தனர். 1995 வரை குடாநாட்டின் பெரும் பகுதி விடுதலைப் புலிகளிடமும் பலாலி இலங்கைப் படையிடமும் இருந்தன. ஆதலால் 16 கிலோமீட்டர் தொலைவிலிருந்த விமான நிலையம் யாழ் நகர மக்களுக்கு எட்டாத இடமாக இருந்தது.

படையினர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின், பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையே தனியார் உள்நாட்டு விமானங்கள் இயங்கின. படையின் அனுமதி பெற்றவர்களே அவற்றில் செல்ல முடிந்தது. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் ஏர் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் இறந்தனர். அது சுட்டு வீழ்த்தப்பட்டது. 2002இல் போர் நிறுத்தத்தின்போது திறக்கப்பட்ட ஏ–9 பாதை 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009 மே மாதத்தில் போர் முடிவுக்கு வந்த பிறகே தரைவழி நிலையாகத் திறந்தது. யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணத்தை வந்தடைந்தது 2014 அக்டோபரில்.

மீண்டும் திறந்த வான்வழி

போர் முடிந்து பத்து ஆண்டுகளுக்குப் பின், 2019 அக்டோபர் 17 அன்று பலாலி நிலையம் ‘யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையம்’ என்ற பெயரில் திறந்துவைக்கப்பட்டது. இந்தியாவின் உதவியும் இப்பணிக்குக் கிடைத்தது. அன்று சென்னையிலிருந்து வந்த அலையன்ஸ் ஏர் விமானம் அங்கு தரையிறங்கியது. நவம்பர் 11 முதல் ஏ.டி.ஆர். 72 வகை விமானத்தைக் கொண்டு முறையான பயணிகள் சேவை தொடங்கியது.

அச்சேவை நான்கு மாதங்களே நீடித்தது. கொரோனா பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் அது நின்றது. பிறகு இலங்கையின் பொருளாதார நெருக்கடியும் வந்தது. 2022 டிசம்பர் 12 அன்று சென்னை–யாழ்ப்பாணம் விமானங்கள் மீண்டும் பறந்தன. 2024 செப்டம்பர் முதல் இண்டிகோ நிறுவனமும் இவ்வழியில் சேவையைத் தொடங்கியது. 2025 மார்ச் இறுதியில் திருச்சிராப்பள்ளிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே விமானம் விடப்பட்டது.

இவ்விமானங்களில் வருவோர் பல வகையினர். சென்னையிலும் வேலூரிலும் மருத்துவம் பெறச் செல்வோர், திருமணத்துக்குப் புடவையும் நகையும் வாங்கச் செல்வோர், கோயில்களுக்குச் செல்வோர், கல்விக்காகச் செல்வோர், சென்னை வழியாக ஊர் திரும்பும் புலம்பெயர்ந்த தமிழர் ஆகியோர் இவர்களில் முக்கியமானவர்கள். போர்க்காலத்தில் பிரிந்து இரு கரைகளிலும் வாழும் குடும்பங்களுக்கு இவ்வழி பெரிதும் பயன்படுகிறது. இரவு முழுவதும் ரயிலில் அமர்ந்திருக்க இயலாத முதியோருக்கும் நோயாளருக்கும் ஒன்றேகால் மணி என்பது வெறும் வசதி அன்று. பயணம் செய்ய முடியுமா, முடியாதா என்பதையே அது முடிவு செய்கிறது.

கடல்வழியும் ஓரளவு திரும்பியுள்ளது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தூரத்தை நான்கு மணி நேரத்தில் கடக்கும் இச்சேவை பருவமழையால் சில நாட்களிலேயே நின்றது. 2024 ஆகஸ்டில் வேறொரு கப்பலைக் கொண்டு அது மீண்டும் தொடங்கியது.

ஓடுபாதையைச் சுற்றியுள்ள நிலம்

பலாலியின் வரலாற்றைப் பயணிகளின் பக்கத்திலிருந்து மட்டும் பார்த்தால் அது முழுமையாகாது. ஓடுபாதையைச் சூழ்ந்துள்ள வலிகாமம் வடக்கு, செம்மண் வளம் மிக்க வேளாண் நிலமும் மயிலிட்டி போன்ற மீன்பிடித் துறைகளும் கொண்ட பகுதி. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது இங்கிருந்த மக்கள் வெளியேற நேர்ந்தது. அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் நலன்புரி முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் பல ஆண்டுகள் வாழ்ந்தன.

போருக்குப் பின் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டு வந்தாலும், முழுமையாகத் திரும்பக் கிடைக்கவில்லை. விமான நிலையம் வளர வேண்டுமானால் ஓடுபாதை நீள வேண்டும். ஓடுபாதை நீள வேண்டுமானால் நிலம் வேண்டும். அந்த நிலத்துக்கு உரியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். சென்னைக்கு ஒன்றேகால் மணியில் செல்ல முடிகிற ஊரில், நடந்துபோகும் தூரத்திலுள்ள தம் வீட்டுக்குப் போக முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருப்பவர்களும் உள்ளனர்.

காலவாரியான ஒப்பீடு

சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான பயணம் காலந்தோறும் மாறியதைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

பாய்மரக் காலம்: காற்றைப் பொறுத்துச் சில நாட்கள்.

1914 முதல் 1964 வரை, போட் மெயில் வழி: 900 கிலோமீட்டருக்கு மேல், ஒரு நாளுக்கு மேல்.

1947 முதல் 1978 வரை, ஏர் சிலோன் விமானம்: 355 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி வரை.

1978 முதல் 2019 வரை, கொழும்பு வழி: 1,000 கிலோமீட்டருக்கு மேல்; அமைதிக் காலத்தில் ஏறத்தாழ ஒரு நாள், போர்க்காலத்தில் பல நாட்கள்.

2019க்குப் பின், நேரடி விமானம்: 355 கிலோமீட்டர், ஏறத்தாழ ஒன்றேகால் மணி.

முடிவுரை

பெரும்பாலான நகரங்களுக்கு இடையிலான பறப்பு நேரத்தின் வரலாறு விமானங்களின் வேகம் கூடிய வரலாறாக இருக்கும். சென்னை–யாழ்ப்பாணம் வழியில் அவ்வாறு இல்லை. 1947இல் டகோட்டாவால் கடக்க முடிந்த தூரத்தை, அதைவிட வேகமான விமானங்கள் வந்த பின்னர், 41 ஆண்டுகள் யாரும் பயணிகளோடு நேராகக் கடக்கவில்லை. விமானமும் ஓடுபாதையும் இருந்தன. அவற்றைப் பயன்படுத்துவதற்கான அமைதியும் அனுமதியும் இருக்கவில்லை.

தற்போதைய சேவையும் இரு நாடுகளின் உறவு, எரிபொருள் விலை, பயணிகள் எண்ணிக்கை, பலாலியின் நில உரிமை ஆகிய பலவற்றைச் சார்ந்தே நிற்கிறது. இவ்வழி இதற்கு முன் பலமுறை திறந்து மூடியிருக்கிறது. வரைபடத்தில் அளந்து பெறும் 355 கிலோமீட்டர் என்ற எண் புவியியல் தரும் விடை. அத்தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் வரலாறே விடை தந்திருக்கிறது.